மேற்குச் சுவரின் ஓதம்

எக்ஸ்ரே பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் ஜெசிந்தா ஒவ்வொரு முறையும் “மூச்ச இழுத்துப் புடிங்க, அசையாதீங்க” என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வாள். செங்கல்பட்டில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நெஞ்சுப் படம் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம். இப்போது மறைமலைநகரில் ஒரு சோதனைக்கூடத்தில் அவள் படம் எடுப்பது கார் உதிரிபாகங்களை. அலுமினிய வார்ப்புக்கு மூச்சும் கிடையாது, அது அசையப்போவதும் இல்லை. கூட வேலை செய்பவர்கள் கொஞ்ச நாள் கேலி செய்து பார்த்துவிட்டு, அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

அச்சரப்பாக்கத்திலிருந்து தொழிற்பேட்டைக்குப் போகும் பஸ்ஸில் நானும் அவளும் பல வருடமாகப் போய் வருகிறோம். அவளைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் இல்லைதான். ஜன்னல் சீட்டை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். டிபன் பாக்ஸில் கருவாட்டுக் குழம்பு இருந்தால் கேட்காமலே கொடுப்பாள். அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அந்தக் குடும்பத்தில் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்ட முதல் ஆள் அவள். அதைக் கைப்பைக்குள் மறைக்காமல் வெளியே தொங்கவிட்டுக்கொண்டுதான் பஸ் ஏறுவாள். எனக்கு அது பிடிக்கும்.

அவள் வேலை என்னவென்று ஊரில் கேட்டால் “ஓட்ட பாக்குற வேல” என்பாள். அது உண்மையும்கூட. ஈயத் தகடு பதித்த ஒரு பெரிய பெட்டி. அதற்குள் ஒரு சின்ன மேடை. சாமானை மேடையில் நிறுத்திக் கதவைச் சாத்தினால், மேடை நூலளவு நூலளவாகத் திரும்பும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு எக்ஸ்ரே படம். ஒரு சுற்று முடிந்ததும் கம்ப்யூட்டர் எல்லாப் படங்களையும் சேர்த்து, சாமானை வெங்காயம் போல வட்ட வட்டமாக நறுக்கிக் காட்டும். நறுக்கியது திரையில்தான், சாமான் முழுசாகவே இருக்கும். கனமான பொருள் வெள்ளையாகத் தெரியும். வெறும் காற்றிருக்கும் இடம் கறுப்பாகத் தெரியும். எஞ்சின் பாகத்துக்குள் ஊசிமுனை அளவு கறுப்புப் புள்ளி இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அந்தப் பாகம் கழித்த கூடைக்குப் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மெஷினுக்கு வேறு விதமான சாமான்கள் வரும். செங்கல்பட்டுப் பெண் திவ்யா, ஆராய்ச்சி மாணவி, கடலோரக் கட்டடங்களின் சுவருக்குள் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று படிக்கிறாள். பழைய செங்கல், சாந்து, கருங்கல் என்று எதையாவது உருளையாகக் குடைந்து எடுத்துக்கொண்டு வருவாள். உருளையின் அடியில் ஒரு மெல்லிய குழாய் வழியாகத் தண்ணீரைச் சொட்டவிட்டு, அது உள்ளே ஏற ஏறப் படம் எடுப்பார்கள். கறுப்பாக இருந்த சந்துகள் ஒவ்வொன்றாகச் சாம்பல் நிறமாகும். ஓரிடத்தில் தண்ணீர் தயங்கி நிற்கும், இன்னோரிடத்தில் பாய்ந்து போகும். கெட்டியான கல் என்று நாம் நினைப்பதற்குள் அத்தனை சந்து பொந்து. ஜெசிந்தாவுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை வேலை வார நாள் வேலையைவிடப் பிடித்திருந்தது. ஓவர்டைமுக்காக வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, பிடித்துப்போய்த்தான் வந்தாள்.

இனி அவள் அண்ணன் மோசஸ். கொத்தனார் வேலையில் தொடங்கி மேஸ்திரி ஆனவர். அதிகம் பேசமாட்டார். ஒரு கேள்விக்குப் பதில் வாங்குவதற்குள் நாம் டீ குடித்து முடித்துவிடலாம். அவர்கள் ஊர் அச்சரப்பாக்கத்துக்குக் கிழக்கே, கடலுக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவில். அங்கே கொரோனாவுக்கு அடுத்த வருடம் அவர்களே கையிலிருந்து போட்டு ஒரு மாதா கோயில் கட்டினார்கள். பக்கத்துப் பெரிய ஊர்க் கோயிலில் கடைசி வரிசையில் நின்று பூசை பார்த்த சனம். தங்களுக்கென்று ஒரு கோயில் எழும்பியதில் அவர்களுக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. கட்டினது மோசஸ்.

இரண்டாவது மழைக்காலத்தில் மேற்குச் சுவரில் ஓதம் ஏறியது. வாசலுக்கு இரண்டு பக்கமும் இடுப்பு உயரம் வரை பூச்சு பொரிந்து, வெள்ளையாகப் பூத்து, கை வைத்தால் மாவாகக் கொட்டியது. மற்ற மூன்று சுவரும் காய்ந்த கருவாடாக இருந்தன. வெயில் காலத்திலும் மேற்குச் சுவர் மட்டும் ஈரம் கசிந்தது. வெள்ளையடித்தார்கள், ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை.

கோயில் கமிட்டிக்குத் தலைவர் பூபாலன். மின்வாரியத்தில் வேலை பார்க்கிறவர், நியாயமான மனிதர், ஆனால் வாயை அடக்கத் தெரியாதவர். மணல் லாரி சதுரங்கப்பட்டினம் பக்கமிருந்து வந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகவும், பாலாற்று மணல் என்று சொல்லிக் கடல் மணலை இறக்கிவிட்டதாகவும், விலை வித்தியாசத்தை மோசஸ் வாயில் போட்டுக்கொண்டதாகவும் அவர் ஒரு கூட்டத்தில் சொன்னார். கடல் மணலில் உப்பு இருக்கும், உப்பு இருந்தால் சுவர் ஈரம் குடிக்கும். இது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனால் எல்லோரும் நம்பினார்கள். அதற்குப் பிறகு அந்த வட்டாரத்தில் மோசஸுக்கு யாரும் வீடு கட்டக் கொடுக்கவில்லை. சொந்தக் கோயிலில் திருடியவன் என்று பெயர். அவர் சிங்கப்பெருமாள்கோயில் பக்கம் அடுக்குமாடி வேலைக்குக் கூலியாளாகப் போனார். ஞாயிறு பூசைக்கும் வருவதில்லை. வாசலில் அந்தச் சுவரைத் தாண்டித்தானே உள்ளே போக வேண்டும்.

அண்ணன் திருடியிருக்க மாட்டான் என்று ஜெசிந்தாவுக்குத் தெரியும். தெரியும் என்று அவள் நினைத்தாள். ஒரு நாள் தானே வலியப் போய்த் திவ்யாவிடம் அந்தச் சுவரைப் பற்றிச் சொன்னாள். திவ்யாவுக்கு வாய் நிறையச் சிரிப்பு; ஈரச் சுவர் என்றால் அவளுக்குக் கல்யாணச் சாப்பாடு. கமிட்டியிடம் கேட்டபோது பூபாலன் உடனே ஒத்துக்கொண்டார்.

“மெஷினே சொல்லட்டும். மெஷினுக்கு இன்னா, சொந்தமா பந்தமா?” என்றார். ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். என்ன தெரிந்தாலும் பூசை முடிந்ததும் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். நல்லதோ கெட்டதோ, மூடி மறைக்கக் கூடாது.

மறுத்தது ஒரே ஆள், மோசஸ்.

“வேணாம் ஜெசி. செவுத்த நோண்டாத. எம்மேல பழி இருந்துட்டுப் போவட்டும், வுடு,” என்றார்.

அந்தப் பதில்தான் ஜெசிந்தாவைக் குடைய ஆரம்பித்தது. குற்றம் செய்யாதவன் எதற்குச் சோதனையை வேண்டாம் என்கிறான்? இதை அவள் பஸ்ஸில் என்னிடம் சொன்னபோது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கும் அதேதான் தோன்றியது. ஆனால் கமிட்டி ஒத்துக்கொண்டாகிவிட்டது. திவ்யா மேற்குச் சுவரில், ஓதம் அதிகமாக இருந்த இடத்தில், இரண்டு செங்கலுக்கு நடுவே இருக்கும் சாந்திலிருந்து கட்டைவிரல் தடிமனுக்கு ஓர் உருளையைக் குடைந்து எடுத்துவிட்டாள்.

அதை முதலில் உலர வைத்தே படம் எடுத்தார்கள். ஜெசிந்தா வழக்கம்போல மூச்சைப் பிடிக்கச் சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். படம் சேர்ந்து திரையில் வந்தது. சாம்பல் நிற மணலுக்கு நடுவே எங்கு பார்த்தாலும் வெள்ளை வெள்ளையாகத் துணுக்குகள். சிப்பித் துண்டு இப்படித்தான் வெள்ளையாகத் தெரியும். மாமல்லபுரம் பக்கமிருந்து வந்த ஒரு சுவரில் அவளே பார்த்திருக்கிறாள். கடல் மணல் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

வடிவத்தை நின்று நிதானமாகப் பார்த்திருந்தால் சிப்பியின் வளைவு அவற்றில் இல்லை என்பது தெரிந்திருக்கும். பயந்த கண் வடிவம் பார்க்காது. திவ்யா வந்து பார்ப்பதற்குள் அவள் மெஷினை அணைத்துவிட்டு, வயிற்று வலி என்று சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்த வாரம் பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் வேறு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ஜெசிந்தா சண்டை போடவில்லை. அண்ணனிடம் போகவும் இல்லை. போனால் கேட்டுவிடுவோம் என்று பயம். கேட்டால் அவன் உண்மையைச் சொல்லிவிடுவான் என்று அதைவிடப் பயம். படத்தை அழித்துவிடலாமா என்றுகூட நினைத்தாளாம். பிறகு, அழித்தால் தன் வேலைக்கு என்ன அர்த்தம் என்று நினைத்து விட்டுவிட்டாளாம். இதைச் சொன்னபோது அழுதாள்.

அடுத்த ஞாயிறு தண்ணீர் விட வேண்டிய நாள். உருளையின் அடியில் குழாயைச் செருகி, வெறும் தண்ணீரைச் சொட்டவிட்டார்கள். முதல் படத்தில் தண்ணீர் கீழ்ப்பக்கச் சந்துகளில் நின்றது. அடுத்ததில் கொஞ்சம் ஏறியிருந்தது. அதற்கடுத்த படத்தைத் திவ்யா முன்னும் பின்னுமாக நகர்த்திப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

தண்ணீர் ஏறிய இடங்களில் வெள்ளைத் துணுக்குகளைக் காணவில்லை. இருந்த இடத்தில் ஓட்டை இருந்தது. தண்ணீர் மேலே போகப் போக மேலே இருந்தவையும் ஒவ்வொன்றாகக் கரைந்தன. கரைந்த வழியிலேயே தண்ணீர் இன்னும் வேகமாகப் பாய்ந்தது. சிப்பி தண்ணீரில் கரையாது. கரைவது உப்பு.

ஜெசிந்தாவுக்கு மூச்சு வந்தது, பாதிதான் வந்தது. கடல் மணலைக் கழுவாமல் போட்டாலும் உப்பு வருமே. அதைத் திவ்யாவும் சொன்னாள். ஆனால் சிப்பி ஒரு துண்டுகூட இல்லாமல் இத்தனை உப்பு மட்டும் எப்படி வந்தது என்பது அவளுக்குப் புரியவில்லை. உருளையை மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு வட்டமாகப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். நடுவில் ஓரிடத்தில் நிறுத்தினார்கள். சாந்துக்குள் உருண்டையாக ஒன்று இருந்தது. மேல்தோல் சுருங்கியிருந்தது, உள்ளே கூடு. பக்கத்தில் இன்னொன்று. கொஞ்சம் தள்ளி மூன்று ஒன்றாக. மணலும் இல்லை, கல்லும் இல்லை. திவ்யா அதை முப்பரிமாணத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளும் பொங்கல் தின்று வளர்ந்தவள்தான்.

“அக்கா, கடல் மணல்ல உப்பு வரும். மிளகு எப்படிக்கா வரும்?”

அந்த நிமிடமே ஜெசிந்தாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

கோயில்களில் கொடிமரத்தடியில் உப்பும் மிளகும் கொட்டுவது அவர்கள் வழக்கம். காய்ச்சல் விட்டால், பிள்ளை பிறந்தால், வேலை கிடைத்தால் ஒரு பொட்டலம் உப்பு, ஒரு பிடி மிளகு. ஆனால் புதுக் கோயிலில் கொடிமரம் கடைசியாகத்தான் வந்தது. அது நிற்கப்போகிற இடம் வாசலுக்கு நேர் எதிரே. சுவர் எழும்பிக்கொண்டிருந்தபோது, கொடிமரத்தடிக்குக் கிட்டத்தில் இருந்தது மேற்குச் சுவர்தான். வேண்டுதல் காத்திருக்குமா? கொரோனாவில் பிழைத்தவர்கள் இருந்த ஊர் அது. பெண்கள் வேலைக்குப் போகிற வழியில் வந்து, செங்கல் வைக்க விரித்திருந்த ஈரச் சாந்தின் மேல் உப்பையும் மிளகையும் தூவிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு போனார்கள். அப்போதிருந்த சாமியாருக்கு அதில் பரம சந்தோஷம். சனத்தின் விசுவாசமே சுவராகிறது என்று பிரசங்கத்தில்கூடச் சொன்னார். ஜெசிந்தாவும் ஒரு பொட்டலம் போட்டிருக்கிறாள். அவரவர் போட்டது அவரவருக்கு ஒரு பிடிதான். ஊரே போட்டது எவ்வளவு என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. வேண்டிப் போட்ட உப்பு கெடுதல் செய்யும் என்று யாருக்குத் தோன்றும்? மோசஸ் ஒன்றும் சொல்லாமல் அதன் மேலேயே செங்கலை அடுக்கினார்.

சொல்ல வேண்டிய ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். வேடிக்கை பார்க்கத்தான் போனேன், அதை மறைக்க வேண்டியதில்லை. பூசை முடிந்து யாரும் எழுந்து போகவில்லை. மோசஸைத் தங்கை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். அவர் உள்ளே வராமல் கதவு நிலையில் சாய்ந்து நின்றார். ஒரு ஸ்டூல் மேல் திவ்யாவின் லேப்டாப். ஜெசிந்தா அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். மெஷின் என்ன செய்யும், தண்ணீர் எப்படிப் போனது என்று தனக்குத் தெரிந்தபடி சொன்னாள். சிப்பி இல்லை, இது ஆற்று மணல் என்றாள். பூபாலன் எழுந்து, அப்படியென்றால் உப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

அவள் அந்த உருண்டைப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள்.

முதல் வரிசையில் இருந்த பெண்களுக்குத்தான் முதலில் தெரிந்தது. ஒரு வயதான அம்மா மிளகு என்று மெதுவாகச் சொன்னது கடைசி வரைக்கும் கேட்டது. சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவராக மேற்குச் சுவரைத் திரும்பிப் பார்த்தார்கள். போட்டது என்ன, எதற்காகப் போட்டது என்று அவரவருக்கு நினைவு வந்திருக்கும். சாமியார் புதிதாக வந்தவர். விஷயம் விளங்காமல் எல்லோர் முகத்தையும் பார்த்தார்.

பூபாலன் நின்றபடியே இருந்தார். அவர் மகன் கோயில் கட்டிய வருடம் டெங்குவில் படுத்து, செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் கை விரித்த பிறகு பிழைத்து எழுந்தவன். ஊருக்கே தெரிந்த கதை. அந்த வாரம் பூபாலன் என்ன கொண்டுவந்தார் என்பதும் ஊருக்குத் தெரியும். அவரைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். உட்கார்ந்துவிடுவார் என்று நினைத்தேன். உட்காரவில்லை.

“அதுல ஒரு மூட்ட நான் கொட்டுனது,” என்றார்.

கதவு நிலையிலிருந்து மோசஸ் சொன்னார்: “சின்ன மூட்டதான், மச்சான்.”

பூபாலன் திரும்பிப் பார்த்தார். கமிட்டித் தலைவரின் முகம் இல்லை அது. இத்தனை நாள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டார். கேட்ட குரல் திட்டுவது போலத்தான் இருந்தது, அவருக்கு வேறு மாதிரி பேச வராது. மோசஸ் பதில் சொல்லவில்லை. நாங்கள் டீ குடித்து முடித்த பிறகும் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் தங்கையிடம்தான் சொன்னாராம். ஓதம் ஏறிய அந்த மழைக்காலத்தில் பூபாலன் மகனுக்கு மறுபடியும் காய்ச்சல். உப்புதான் காரணம் என்று மோசஸுக்கு அப்போதே தெரியும். சொல்லிவிடலாம் என்று கோயிலுக்குப் போயிருக்கிறார். பூபாலன் தனியாக, அந்த ஈரச் சுவரில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, நெற்றியை முட்டி நின்றிருந்தாராம். மோசஸ் வந்ததோ போனதோ பூபாலனுக்குத் தெரியாது. மறுநாளும் மோசஸ் போய்ப் பார்த்தாராம், பூபாலன் அப்படியே நின்றிருந்தாராம்.

“புள்ள உசுரு அந்தச் செவுத்துலதான் கீதுன்னு நெனச்சிகினு நிக்கிறான். அத்தப் போயி இடின்னு எப்புடி சொல்றது, ஜெசி?”

மகனுக்குக் காய்ச்சல் விட்டது. அடுத்த வாரம் கூட்டத்தில் மணல் பேச்சை எடுத்தவர் பூபாலன். இதை யோசித்தால் எனக்குப் பூபாலன் மேல் கோபம்தான் வருகிறது. மோசஸுக்கு வந்ததாகத் தெரியவில்லை.

சுவரை முழுசாக இடிக்க வேண்டியதில்லை என்று திவ்யா சொன்னாள். பூச்சையும் கீழ் வரிசைச் சாந்தையும் கொத்தி எடுத்துவிட்டு, காகிதக் கூழையும் களிமண்ணையும் அப்பி மீதி உப்பை உறிஞ்ச வைக்கலாமாம். வேலையைக் கமிட்டி மோசஸிடமே கொடுத்தது. வரும் உப்பை எங்கே போடுவது என்று பேச்சு வந்தபோது, கொடிமரத்தடியில் என்று பெண்கள் சொன்னார்கள். இப்போதுதான் கொடிமரம் இருக்கிறதே.

கொத்தத் தொடங்கிய அன்று காலையில் ஊர் முழுவதும் வாசலில் நின்றது. மோசஸ் உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு சுவருக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பூபாலன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கூடவே அவர் மகன், அப்பாவைவிட அரையடி உயரமாக வளர்ந்திருந்தான். பூபாலன் ஒரு கையால் மகனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையை விரித்துச் சுவரில் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. மோசஸ் சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. என் பக்கத்தில் நின்ற ஜெசிந்தாவின் உதடு அசைந்தது, வழக்கமாகச் சொல்வதுதான்.

பூபாலன் கையை எடுத்தார். உள்ளங்கை முழுவதும் வெள்ளையாக இருந்தது.

“அடி, மச்சான்,” என்றார்.